ஸ்பீக்கரில் போட்ட பேச்சு

வல்லம் வடகால்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சசிரேகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம்தான். நீ சுகமா என்று அடுத்த வரி எழுத வேண்டும், அதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

அப்பாவுக்கு கம்பெனி கேட்டில் இப்போது பகல் ஷிஃப்டு, முட்டி வலி பரவாயில்லை. நம் மெஸ்ஸில் ஆள் கூடிவிட்டது, காலையில் மட்டும் நாற்பது பேருக்கு இட்லி. தென்காசிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் மாடி அறைக்கு வந்திருக்கிறார்கள். அதில் மாரிசெல்வி என்கிறவள் நேற்று பாத்திரம் கழுவ ஒத்தாசைக்கு வந்தவள், போன வாரம் போன்ல அக்கா அழுதாவல்லா, இப்பம் எப்படி இருக்காவ என்று மெதுவாகக் கேட்டாள். சளி பிடிச்சிருக்கும்மா என்று அவளிடம் சமாளித்துவிட்டேன். உன்னிடம் சமாளிக்க மாட்டேன். நீ அழுதது எனக்கும் கேட்டதுடி.

அன்றைக்குக் கையெல்லாம் மாவு, வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டேன். பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், உன் அத்தையும் வந்திருந்தாள். ஸ்பீக்கரை ஆஃப் பண்ணும்மா, அவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும் என்றாய். மஸ்கட் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான், அத்தை காதில் விழுந்தால் மணிமங்கலம் வரைக்கும் தமுக்கு அடிப்பாளே என்று பயந்து, இன்னா கொழம்பு வெச்சே, அங்க வெயிலு எப்பிடி கீது என்று பேச்சை மாற்றினேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்தரிக்காய்க் குழம்பும்மா என்றாய். சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. பெற்றவள் இப்படி நிம்மதிப்படலாமா. கல்யாணமாகி இந்த இரண்டு வருஷமாகவே சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டி உன்னை நான் ஒன்றும் கேட்டதில்லை. மெஸ்ஸுக்கு வருகிறவர்களையும் இதைத்தான் கேட்கிறேன், அவர்களுக்கு அது போதும். இன்று காலை அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். கொழந்த கூப்ட்டா அடுப்ப அணைச்சுட்டு பேச மாட்டியா என்று மட்டும் கேட்டார், அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

போனில் பேசினால் மறுபடி குழம்புக்கே போய்விடுவேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாப்பிள்ளை வசந்தகுமார் கண்ணில் படும். அதனால்தான் மஸ்கட்டுக்கு வேலைக்கு வருகிற வாலாஜாபாத் தணிகாசலம் மாமா மகள் வேல்விழியிடம் இதை ஒட்டிக் கொடுக்கிறேன், உன் கையில் மட்டும்தான் தருவாள். அவர் அடிக்கிறாரா, குடிக்கிறாரா, முகம் கொடுத்துப் பேசுவதில்லையா, எதுவானாலும் சொல். சொல்ல வாய் வராவிட்டால் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல், போதும். அத்தைக்கும் ஊருக்கும் பதில் சொல்வது என் பாடு.

என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மன் துணை இருப்பாள். ஒன்று மறக்காதே, உன் பாஸ்போர்ட் அவர் பீரோவில் இருந்தால் இன்றைக்கே எடுத்து வேல்விழியிடம் கொடுத்து வை.

உன் அம்மா,
மரகதம்