அரைக் கட்டை அரைக் கட்டையாக

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

தொண்டையைத் தவிர மற்ற எல்லாப் பாகமும் நலம். ஆபரேஷன் முடிந்து நாலு நாள் ஆகிறது. குரல் நாணில் வளர்ந்திருந்த சதையை எடுத்துவிட்டார்கள். மிளகளவுதான் இருந்ததாம். அந்த மிளகுதான் போன வருஷம் பதினேழு ஊரில் என்னைப் படாதபாடு படுத்தியிருக்கிறது. ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. முணுமுணுக்கவும் கூடாது, கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதலாம். "அறுபத்தோரு வயசுல எதுக்கும்மா மேடையில நின்னு இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்டார். பேசாதே என்று சொன்ன வாயாலேயே கேள்வியும் கேட்கிறார். சிலேட்டில் ‘தொழில்’ என்று எழுதிக் காட்டினேன்.

உன் அத்தானுக்குத்தான் கொண்டாட்டம். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இப்போதுதான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்கிறார். நேற்று எரிமலைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஓய்வு பெற்ற பூகோள வாத்தியாரைக் கட்டிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

எதற்குக் கடிதம், செல்போனிலேயே எழுதிவிடலாமே என்று அவர் கேட்டார். உனக்கு நான் ஒரு பக்கம் எழுதினால், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று பதிலாக வரும். போனில் கூப்பிடலாம் என்றால் என்னால் பேச முடியாது, உனக்குக் காது கேட்காது. நாற்பது வருஷம் ஹெவி மெட்டல் வாசித்து அக்காவும் தம்பியும் சம்பாதித்தது இதுதான்.

ஒரு விஷயம். நமக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டே, நினைவிருக்கிறதா? உனக்கு நாற்பது வயதானபோது, அந்தக் கிழட்டுப் பாடகர் மேடையில் திணறியதைப் பார்த்துவிட்டு வேனில் வரும்போது போட்டது. ‘யாருக்கு முதலில் தளர்ந்தாலும் இன்னொருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.’ எனக்குக் குரல் போய்விட்டது என்றால் நீதான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
வாயடைக்கப்பட்ட உன் அக்கா

—

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கட்டைவிரல் பொம்மை அனுப்பலாம் என்று பார்த்தேன், தபாலில் போகாதாம்.

இங்கே புது ரெக்கார்டுக்கான டிரம்ஸ் வேலை நடக்கிறது. ஸ்டுடியோ முன்பு குளிர்பதனக் கிடங்காக இருந்ததாம். சுவரெல்லாம் மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மாடியிலேயே எனக்கு ஓர் அறை. மூன்று பாட்டு முடிந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் அடித்து முடிப்பேன். இப்போது ஒரு பாட்டை மூன்று துண்டாக அடிக்கிறேன், ஒலிப்பதிவுக்காரர் ஒட்டுப் போட்டுக்கொள்கிறார். கேட்டால் தெரியாது. இப்போதெல்லாம் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம். இரண்டு காலாலும் இரட்டை மிதி போட்டு வேகமாக அடிக்கும்போது இடது கெண்டைக்கால் மட்டும் அவ்வப்போது கோபித்துக்கொள்கிறது. மற்றபடி ஐம்பத்தெட்டு வயதுக்குக் குறையொன்றும் இல்லை.

மேலாளர் சுற்றுப்பயணப் பட்டியலைக் கொடுத்துவிட்டார். முப்பத்தொரு ஊர். மார்ச் பதினைந்துக்குள் போகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அரங்குகள் வேறு யாருக்காவது போய்விடும். உன் வாய்ப்பூட்டு அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கழல்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒப்பந்தத்தை மறக்கவில்லை. சொல்ல வேண்டிய வேளை இன்னும் வரவில்லை.

ஆனால் வேறொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த முறை மேடையில் பேச்சைக் குறை. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் ஆரம்பித்துவிடுகிறாய். வேன் சேற்றில் மாட்டிய கதை, நம் கித்தார்காரன் ஒட்டடைக்குச்சி கித்தாரோடு லிஃப்டில் சிக்கிய கதை. அவனே கூச்சத்தில் நெளிகிறான். முன்பெல்லாம் பாட்டுக்கு நடுவில் நீ வாயைத் திறந்ததே கிடையாது. ஜனங்கள் இடி விழுவதைக் கேட்க வந்தவர்கள், கதை கேட்க வந்தவர்கள் இல்லை. உனக்கு வயதாகிறது, வாய் நீளமாகிறது, வேறென்ன.

உடம்பைப் பார்த்துக்கொள். எரிமலைக்காரரை விசாரித்ததாகச் சொல். சிலேட்டில்தான்.

அன்புடன்,
தம்பி

—

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

என் வாய் நீளமா? இருக்கட்டும். பேச்சைக் குறைக்க மாட்டேன். காரணம் கேட்காதே, எனக்குப் பேசப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கெண்டைக்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஒத்திகைக்கு முன்னால் இல்லை, பின்னால்.

பொழுது போகவில்லை. பரணை ஒழித்தபோது உன் மருமகள் சின்ன வயதில் வாசித்த கீபோர்டு கிடைத்தது. பேட்டரி போட்டால் வேலை செய்கிறது. நாளையிலிருந்து நம் பழைய ரெக்கார்டுகளைப் போட்டு, கூடவே விரலால் பாடப் போகிறேன். ‘இரும்புக் கதவு’ பாட்டில் கடைசியில் பதினோரு விநாடி ஒரே கத்தல் கத்துவேனே, அதை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தொண்டைக்கும் வலிக்காது.

உன் அக்கா

—

பிப்ரவரி 19

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

முதல் ரெக்கார்டில் ‘இரும்புக் கதவு’ போட்டேன். மூன்று கட்டை சுருதி. கீபோர்டில் அழுத்தினேன், அச்சாகப் பொருந்தியது. பிறகு போன வருஷம் மேடையில் பதிவு செய்ததைப் போட்டேன். அதே பாட்டு, அதே கட்டை, ஆனால் ஒட்டவே இல்லை. பொம்மைக் கீபோர்டு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்துக் கட்டையை அழுத்தினேன், அதற்கும் பக்கத்துக் கட்டையை அழுத்தினேன். இரண்டு கட்டையில் வந்து பொருந்தியது. ஏழு வருஷத்துக்கு முந்தைய பதிவைத் தேடி எடுத்துப் போட்டேன். அது இரண்டரை.

அரைக் கட்டை அரைக் கட்டையாக என்னைக் கீழே இறக்கியிருக்கிறீர்கள்.

மேடையில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு, ஒட்டடைக்குச்சி தட்டும் முதல் சுரத்தைப் பிடித்துப் பாடுகிறவள் நான். அவன் எதைத் தருகிறானோ அதுதான் எனக்கு மூன்று கட்டை. ஆறு மாத இடைவெளிக்குப் பிறகு ஒத்திகைக்கு வந்தபோது, தொண்டை பஞ்சு மாதிரி லேசாக இருக்கிறது, எல்லாம் ஆவி பிடித்த பலன் என்று உங்களிடம் பெருமை அடித்தேன். நீங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஏதோ தொலைந்துவிட்டது, தேடுகிறீர்கள் என்று நினைத்தேன்.

அதைக்கூட விட்டுவிடலாம். போன வருஷம் அந்தப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தேன். ‘நாற்பது வருஷமாக ஒரு கட்டைகூட இறக்கியதில்லை’ என்று சொன்னேன். அதையே தலைப்பாகப் போட்டார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாய். ஊரே பார்க்க உன் அக்காவைப் பொய் சொல்ல விட்டாய்.

முகத்துக்கு நேரே சொல்வதாகத்தானே ஒப்பந்தம்? யார் இதைச் செய்யச் சொன்னது, அதை மட்டும் எழுது.

அக்கா

—

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான் சொன்னேன். ஒட்டடைக்குச்சியைத் திட்டாதே, அவன் மாட்டேன் என்றுதான் சொன்னான்.

எட்டு வருஷம் முன்னால், அந்த மலையோர அரங்கில் உனக்குக் கடைசிக் கத்தலில் குரல் இரண்டாகப் பிளந்தது. பனிக்காற்று என்றாய். நாங்களும் பனிக்காற்று என்றோம். அன்றைக்கு விடுதியில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நீ குளியலறையில் உட்கார்ந்திருந்தாய். கதவு சாத்தவில்லை. நான் பார்த்துவிட்டேன். மறுமாதம் கித்தார் கம்பிகளைத் தளர்த்தச் சொன்னேன். மூன்று வருஷம் கழித்து, அந்த ஆறு மாத இடைவெளியில், இன்னொரு முறை.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ நிறுத்திவிடுவாய். நீ நிறுத்தினால் நான் என்ன செய்வேன்? எனக்கு அடிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. உன் மேல் இருந்த பாசத்தால் செய்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் பாசம் இரண்டாவதுதான். முதலில் பயம்.

பேட்டியில் தலையாட்டியது தப்பு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீயாகக் கண்டுபிடிக்க வேண்டாம். மேலாளர் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார். இருபத்தேழு வயது. உன் எல்லாப் பாட்டும் மனப்பாடமாம், மூன்று கட்டையிலேயே பாடுவாளாம். உன்னால் முடியாமல் போனால் அவளை வைத்துக்கொண்டு முப்பத்தொரு ஊரையும் முடிக்கலாம் என்கிறார். அடுத்த வாரம் ஒத்திகை. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தம்பி

—

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அத்தானுக்கு எழுதிக் கேட்டேன். ‘அவள் பேசாததற்கும் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரிகிறது’ என்று மட்டும் பதில் போட்டிருக்கிறார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஒத்திகை நடந்தது. கம்பிகளைப் பழையபடி மூன்று கட்டைக்கு முறுக்கினோம். அந்தப் பெண் நன்றாகப் பாடுகிறாள். மறைக்க மாட்டேன், ரொம்ப நன்றாகப் பாடுகிறாள். ‘இரும்புக் கதவு’ கத்தலைப் பன்னிரண்டு விநாடி பிடித்தாள். மரியாதையான பெண். ஒரு பாட்டு முடிந்ததும் "தேங்க்ஸ் சார்" என்பாள், உடனே அடுத்த பாட்டு.

ஐந்தாவது முடிந்தது. தேங்க்ஸ் சார். ஆறாவது ஆரம்பித்தது. உனக்குத் தெரியும், இருப்பதிலேயே வேகமான பாட்டு அதுதான். பாதியில் என் இடது கால் நின்றுவிட்டது. வலித்து நிற்கவில்லை, என்னுடைய கால் இல்லை என்பது போல் நின்றுவிட்டது. எல்லோரும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஓடி வந்து, "சார், தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். எனக்குச் சுவரில் இருந்த கடிகாரம் மட்டும்தான் கண்ணில் பட்டது. கால் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு நிமிடம்.

சாயங்காலம் அறைக்கு வந்து நம் பழைய மேடைப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆறு வருஷம் முன்னால் ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு நீ முதல்முதலாகப் பேசியிருக்கிறாய், இரண்டு நிமிடம். அதற்கடுத்த பயணத்தில் நாலு நிமிடம். போன வருஷம் வேன் கதையும் லிஃப்ட் கதையும் சேர்த்து ஆறு.

அந்த ஆறு நிமிடமும் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு, எப்போது முடிப்பாள் இவள் என்று சலித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாய் நீளம் என்று எழுதினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா.

ஒப்பந்தத்தை நான் மட்டும் மீறவில்லை என்று சண்டை போடலாம். அதற்கும் வாய் வரவில்லை. பதினைந்தாம் தேதி மேலாளருக்கு என்ன சொல்லட்டும்? நீ வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இந்த முறை பயத்தால் சொல்லவில்லை.

உன் தம்பி

—

மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்குள் வந்துவிடும். படித்ததும் எங்காவது வைத்துவிடாமல் மேலாளரைப் போய்ப் பார்.

கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை, தெரிந்துகொள். பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். ‘போன வருஷம் நான் சொன்னது தவறு, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியிருக்கிறேன், எனக்கே இப்போதுதான் தெரிந்தது’ என்று. போடுவார்களோ மாட்டார்களோ, என் பங்குக்குச் சொல்லிவிட்டேன்.

உன் கால் விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நான் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவள், காதில் பஞ்சு வேறு. உன் அடி எனக்கு மேடைப் பலகை வழியாக உள்ளங்காலில்தான் வரும். வலது கால் அடி வந்து இடது கால் அடி வரத் தாமதித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, பேச ஆரம்பித்தேன். சொன்னால் நீ வைராக்கியத்துக்கு இன்னும் வேகமாக அடித்துக் காலை ஒடித்துக்கொள்வாய். நீ நின்றுவிட்டால் என் பின்னால் யார் அடிப்பார்கள்? எனக்கும் பயம்தான் முதலில்.

இன்று காலை டாக்டரம்மாவிடம் போனேன். கீபோர்டைப் பையில் போட்டுக் கையோடு கொண்டு போனேன். உள்ளே குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது என்றார். அந்தப் பதினோரு விநாடிக் கத்தல் இனி இந்த ஜென்மத்தில் கிடையாது, கனமாக, கீழே பாடலாம், வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் கூடாது என்றார். கேட்டதும் அழுகை வந்தது. அவர் எதிரிலேயே அழுதேன். முகம் துடைக்கத் துண்டை நீட்டினார். பிறகு, "ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க, மெதுவா" என்றார்.

ஆறு வாரம் கழித்து முதல் வார்த்தை. என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை, "டேய்" என்றுதான் வந்தது. உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே. டாக்டரம்மா திடுக்கிட்டுப் போனார். சிலேட்டை எடுத்து, ‘உங்களை இல்லை, என் தம்பியை’ என்று எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. பிறகு கீபோர்டில் அழுத்திப் பார்த்தேன். ஒன்றரைக் கட்டை.

ஆகவே மேலாளரிடம் இப்படிச் சொல். முப்பத்தொரு ஊர் இல்லை, பதினோரு ஊர். வாரத்துக்கு இரண்டு. ‘இரும்புக் கதவு’ கத்தலைக் கூட்டம் கத்தட்டும், எப்படியும் அவர்கள்தான் என்னைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆறாவது பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறை. ஐந்தாவதுக்குப் பிறகு நான் பேசுவேன், நீ கடிகாரத்தைப் பார்க்காமல் காலை நீட்டி உட்கார். அந்தப் பெண்ணுக்கு நம் பாட்டு எதற்கு? குரல் இருக்கிறவள் சொந்தமாக ஒரு குழு வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

ஒப்பந்தத்தைத் திருத்தியிருக்கிறேன். எனக்கு ஒரு கட்டைக்கும் கீழே போக வேண்டி வந்தால், நீ சொல்ல வேண்டும். நான் பத்து நிமிடம் பேசியும் உன் கால் வரவில்லை என்றால், நான் சொல்வேன். அன்றைக்கு இருவரும் சேர்ந்து நிறுத்துவோம், ஒருவர் மட்டும் இல்லை.

ஒட்டடைக்குச்சியிடம் சொல்லிக் கம்பிகளை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கச் சொல். இந்த முறை எனக்குச் சொல்லிவிட்டு இறக்குங்கள்.

உன் அக்கா