யாரும் கத்தவில்லை

மார்ச் 3, திங்கள்

புதுப் பொறுப்பு வந்துவிட்டது. இருக்கிற பொறுப்பில் ஒன்றைக்கூட இறக்கி வைக்காமல். ஆபீஸில் ஓடுகிற கம்ப்யூட்டர், மெயில், சேமிப்பு எல்லாம் இனிமேல் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் ஓட வேண்டுமாம். "லவினா பார்த்துப்பாங்க" என்று கேசவ் மீட்டிங்கில் சொன்னார். மேனேஜர் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டினால் வேலை கூடப் போகிறது என்று அர்த்தம். இத்தனை வருஷம் சர்வர் பார்த்ததில் இதைத்தான் கற்றேன்.

முதல் காரியமாக, தேவையில்லாத மெயில்களை அழியுங்கள் என்று ஆபீஸ் முழுக்க ஒரு மெயில் போனது. கூடவே கேசவ் பேசும் வீடியோ. அதற்கு 'நன்றி' என்று எல்லோருக்கும் பதில் போட்டவர்கள் வேறு. சாயங்காலம் பார்த்தால் சேமிப்பு இடம் காலையில் இருந்ததைவிட அதிகமாக நிறைந்திருக்கிறது. சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். காலைப் பூசை முடித்து, நெற்றிச் சாம்பலோடு லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் டிராஃபிக்கில் நின்றேன். ஈஸ்டர் வரை மதியச் சாப்பாடு கிடையாது என்று நேர்ந்திருக்கிறேன். சீட்டிலேயே வாழைப்பழம், மோர். கேன்டீன் பக்கமே போவதில்லை. சாம்பார் வாசனை பிடித்தால் என் வைராக்கியம் எனக்குத் தெரியும். "சாப்பாட்டுக்குப் பதிலா கோபத்தை விட்டுப் பாரேன்" என்றார் டேரில். புருஷன்மாருக்கு இதெல்லாம் சுலபமாக வருகிறது.

சர்வர் அறையில் பழைய மெஷின்கள் மூன்று. எதற்கு வைத்தார்கள் என்று தெரிந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போயாகிவிட்டது. மூன்றுக்கும் சேர்த்து ராப்பகலாக ஏசி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அங்கே நின்றேன். யாருக்காக இந்தக் குளிர்?

மார்ச் 10, திங்கள்

முதல் மெஷினை யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று எல்லோருக்கும் மெயில் போட்டிருந்தேன். வந்த பதில்களில் பாதி, 'இருக்கட்டும், தேவைப்படலாம்'. மீதிப் பேர் பதிலே போடவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் பெயர்கூட இல்லாத ஒரு சின்ன புரோகிராம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. யாருடையது என்று தெரியாத மெஷினை அணைத்துவிட்டுக் காத்திருப்பது. வேண்டியவர் கத்துவார். கத்தினால் திரும்பப் போட்டுவிடலாம். கத்தாவிட்டால் அது யாருக்கும் வேண்டாதது.

காலையில் அணைத்தேன். போஸ்டரும் இன்றைக்கே ஒட்டினார்கள். வாசகம் என்னுடையது: வேண்டாததை நிறுத்துவோம். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், மேல்மாடியிலிருந்து பார்க்கிங் வரை.

மார்ச் 13, வியாழன்

யாரும் கத்தவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்னும் இல்லை. மின்சாரக் கணக்கு இறங்கியதை வரைபடமாகப் போட்டு கேசவ் ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார். 'ஒரு புகார்கூட இல்லை' என்று கொட்டை எழுத்தில். எனக்கும் கொஞ்சம் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும். மதியமானால் தலை வலிக்கிறது. பசியா, வேலையா?

மார்ச் 26, புதன்

பேங்க் வேலையாக மதியம் ஸ்கூட்டர் எடுக்கக் கீழே போனேன். பார்க்கிங் படிக்கட்டில் எங்கள் மாடியைப் பெருக்கும் சரளாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு பன்னைப் பிய்த்து டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். "என்ன சரளாக்கா, உங்களுக்கும் தவக்காலமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"நமக்கெங்க மேடம் அதெல்லாம். மெஷின் சீட்டு குடுக்கல. சீட்டு இல்லன்னா கேன்டீன்ல சோறு போட மாட்டாங்க."

துப்புரவு, செக்யூரிட்டி ஆட்களுக்குக் கீழே ஒரு மெஷின் இருக்கிறது. விரலை வைத்தால் சாப்பாட்டுச் சீட்டு வரும். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எப்போதிலிருந்து வரவில்லை என்றேன். போஸ்டர் ஒட்டின அன்றிலிருந்து என்றார்.

யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றேன்.

"யார்கிட்ட கேக்கறது? போஸ்டர்லயே போட்டிருக்கே, வேண்டாதத நிறுத்தறோம்னு. எங்க சோத்தத்தான் சொல்றாங்கன்னு நெனச்சோம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து எடுத்து வரலாமே என்று வாய் வரை வந்தது. இருட்டோடு கிளம்பி வருகிறவரிடம் அதையா கேட்பது?

பேங்குக்குப் போகவில்லை. மேலே வந்து பார்த்தேன். சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தது பெயரில்லாத அந்தப் புரோகிராம்தான். எல்லோருக்கும் மெயில் போட்டேனாம், எல்லோருக்கும்! அவங்களுக்கு மெயிலே கிடையாதே. ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன். நான் மேல நோன்புன்னு வாழைப்பழம் உரிச்சிட்டு உக்காந்திருக்கேன், கீழ அவங்க —

அறிக்கை கேசவ் பெயரில் போயிருக்கிறது, அவரைக் கேட்காமல் திரும்பப் போட முடியாது. உடனே தேடினேன். நாள் முழுக்க வெளியே மீட்டிங். போனும் எடுக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

காலையில் சொன்னேன். கேசவுக்கும் முகம் சுருங்கியது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அறிக்கை போய்விட்டதே என்றார். புகாரே இல்லை என்று எழுதியாகிவிட்டதே. "மார்ச் முடியட்டும் லவினா, அப்புறம் ஆன் பண்ணிக்கலாம். இவ்வளவு நாள் சமாளிச்சுட்டாங்கல்ல?"

"நீங்க மார்ச் முடிஞ்சு சாப்பிடுவீங்களா கேசவ்?"

இது அப்ரைசல் சமயம், அனுமதியில்லாமல் எதையும் தொட வேண்டாம் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு நேராக சர்வர் அறைக்குப் போய் ஆன் செய்தேன். மதியத்துக்குள் சீட்டு வந்ததாம்.

மார்ச் 28, வெள்ளி

கேசவ் பேசவில்லை. கீழே போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள்தான் கூச்சப்பட்டார்கள். நேர்ச்சையைத் தொடரவா, விடவா? சாப்பிடவும் முடியவில்லை, சாப்பிடாமலும் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

சீட்டுப் புரோகிராமை எப்போதும் ஓட வேண்டிய வேறொரு மெஷினுக்கு மாற்றிவிட்டேன். பழையதை இனி நிஜமாகவே அணைக்கலாம். ஒரு சாயங்கால வேலை, அவ்வளவுதான். முதலிலேயே கீழே போய்க் கேட்டிருந்தால்.

ஏப்ரல் 17, வியாழன்

அப்ரைசல் வந்தது. 'நடைமுறைகளைப் பின்பற்றுவதில் கவனம் தேவை.' பரவாயில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வலிக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் முடிந்தது. இன்று இரண்டாவது மெஷின். மெயில் போடவில்லை. டிரைவர்கள், செக்யூரிட்டி, கேன்டீன் என்று காலையிலிருந்து நடந்தே கேட்டேன். கால் விட்டுப்போச்சு. கடைசியாக சரளா. இன்னொன்றை நிறுத்தப் போகிறேன், உங்களுக்கு ஏதாவது நின்றுபோகுமா தெரியவில்லை என்றேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"நிறுத்திட்டு, மறுபடி வந்து கேப்பீங்களா மேடம்?"

வருவேன் என்றேன்.

"அப்ப நிறுத்துங்க."

அணைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே போய் அந்தச் சீட்டு மெஷின் பக்கத்தில் நின்றேன். சரளா விரலை வைத்தார். சீட்டு வந்தது. கிழித்து என்னிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, வரிசையில் போய் நின்றார்.