நான் உங்க குருவாமே, மாப்ள?

என் தங்கச்சியைக் கட்டின அன்பு மாப்பிள்ளை செல்வராசுவுக்கு,

லாரி மோதி நீங்க போயிட்டீங்கன்னு சேதி வந்தப்போ, இதுக்கு மேல ஒரு அதிர்ச்சி இருக்காதுன்னு நெனச்சேன். கருமாதி அன்னிக்கு இன்னொண்ணு காத்திருந்தது.

பந்தி முடிஞ்சதும் உங்க ஆலத்தியூர் ஆளுங்க பன்னிரண்டு பேர் வரிசையா வந்து என் காலைத் தொட்டாங்க. உங்ககூட சிமெண்ட் மூட்டை ஏத்துறவங்களும் ஒரு தையல்காரம்மாவும். "ஆசனமெல்லாம் எங்க மச்சான் போட்ட பிள்ளையார் சுழின்னு செல்வராசு அண்ணன் தினம் சொல்லுவாரு. இனிமே நீங்கதான் வகுப்பு எடுக்கணும்"னு நிக்கிறாங்க.

நானா? யோகாவா?

அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. முதுகு பிடிச்சுக்கிட்டு பூலாம்பாடியில எங்க வூட்டுல குப்புறக் கிடந்தீங்களே, அன்னிக்கு. "பச்சைமலைச் சாமியார்கிட்ட ஆறு வருசம் ஹட யோகம் படிச்சவன் நான்"னு அளந்துட்டு, காலண்டர் படத்துல பார்த்தபடி, "பாம்பு படம் எடுக்கிற மாதிரி தலையைத் தூக்குங்க"ன்னேன். அதோட மறந்தும்போனேன். நீங்க அரியலூர் போய் முறையாக் கத்துக்கிட்டு, இவங்களுக்கும் சொல்லிக்குடுத்துட்டு, பேரை மட்டும் எனக்குக் குடுத்திருக்கீங்க. நான் விட்டது கதைன்னு தெரியாதா மாப்ள? இல்ல, தெரிஞ்சேதானா?

குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாத ஒருத்தர் இப்போ மூட்டையோட நிமிர்றாராம். தையல்காரம்மா வெறும் வயித்துல மூச்சை மெதுவா இழுத்து விட்டுப் பழகி, நல்லாத் தூங்குதாம். "பதினாறு நாளா வகுப்பு இல்ல, மறுபடி முதுகு பிடிக்குது மாமா"ன்னான் ஒருத்தன்.

மறுநாள் விடியக்காலம், நீங்க வகுப்பு எடுத்த பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். எழுபது ஊர்ல கதை அளந்த இந்த வாயால முதல் தடவையா உண்மையைச் சொன்னேன்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா." அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? "பெரிய குருன்னா இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க"ன்னு மறுபடியும் கும்பிட்டாங்க!

பின்னாலேயே என் தங்கச்சி வந்து நிக்கிறா. "கருமாதி முடிஞ்ச மறுநாளே வெளிய வந்துட்டியே, ஊர் பேசுமே ஆத்தா"ன்னேன்.

"பேசட்டும். அந்த மனுசன் சேர்த்த ஆளுங்கண்ணே இவங்க. உனக்கு வாய்தான் வளையும், இடுப்பு வளையாது. கடைசியில போய் உக்காரு."

சொல்லிட்டு, முன்னாடி நின்னு சூரிய நமஸ்காரம் ஆரம்பிச்சா. பன்னிரண்டு நிலையும் பிசகாம! வூட்டுல உங்ககூட தினமும் செஞ்சாளாம். கூடப் பொறந்தவன் எனக்கு ஏன் மாப்ள யாரும் சொல்லல? பதினாறு நாளா செவுத்தைப் பார்த்துக் கிடந்த புள்ளையா இதுன்னு வாயைப் பொளந்து நின்னேன்.

மூணு வாரம் ஆச்சு, ஊர் திரும்பாம இங்கேயே தங்கிட்டேன். நான் கால் பெருவிரலைத் தொட்டுட்டேன். சரி, முழங்காலுக்கு நாலு விரல் கீழே. நாலு இட்லி தின்னுட்டுப் போய்க் குனிஞ்ச அன்னிக்கு நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன்.

நேத்து அவ என் முதுகுல கை வச்சு, "மெதுவா மூச்சை விடுண்ணே, யாரும் துரத்தல"ன்னா. விட்டேன். அழுகை வந்துருச்சு மாப்ள. நீங்க போனதுக்கப்புறம் அதுதான் முதல் தடவை.

சத்தியமாச் சொல்றேன். மழை பேஞ்சாலும், ஊரே பேசினாலும், அவ முன்னாடி நிக்கிறப்போ பின் வரிசையில நான் இருப்பேன். யார்கிட்டக் கத்துக்கிட்டேன்னு கேட்டா, என் தங்கச்சிகிட்டன்னு சொல்லுவேன், கூட்டாம குறைக்காம.

அவளுக்கு அண்ணன், உங்களுக்கு என்னிக்கும் மச்சான்,
பூலாம்பாடி தங்கராசு