நூல் கட்டிய குஞ்சுகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

மகள் பேத்தியை இடுப்பிலும் ஓர் அட்டைப்பெட்டியைக் கையிலுமாக வந்து நின்றாள். உள்ளே பத்துக் கோழிக்குஞ்சு. "அப்பாவுக்குப் பொழுது போகும்மா" என்றாள். "எனக்குப் பொழுது பத்தலடி, அதையும் ரெண்டு வாங்கிட்டு வந்திருக்கலாமே" என்றேன். சிரிக்கிறாள்.

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் இவர். நாலு மாசத்துக்கு முன்னால் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வந்து, வண்டி சுவரில் உரசி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மாத்திரையில் மயக்கமும் நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து தன் கையை இவர் நம்புவதில்லை. ஆறு மாசப் பேத்தியை ஒரு தடவை தூக்கவில்லை. இன்றும் மகள் நீட்டினாள். "வேண்டாம்மா, கீழ போட்டுட்டா?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிப்ரவரி 5

குஞ்சுகள் எல்லாம் ஒரே அச்சு. அடையாளம் தெரிய வேண்டும் என்று என் தையல் டப்பாவிலிருந்து பத்து நிற நூல் எடுத்து, ஒவ்வொன்றின் காலிலும் தளர்வாகக் கட்டினார். கால் பருத்துக்கொண்டே போகுமாம், ரெண்டு நாளைக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டணுமாம். முடிச்சுப் போடும்போது விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் பார்க்காத மாதிரி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9

ராத்திரியெல்லாம் குளிர்காற்று. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்குகின்றன. அட்டைப்பெட்டியை என் தையல் அறையில், இஸ்திரி மேஜைக்குக் கீழே வைக்கச் சொன்னேன். கதகதப்பாக இருக்கும்.

பள்ளிச் சீருடை வேலை, எண்பது கால்சட்டை, கருநீலம். இஸ்திரி போட்டால் துணியில் பளபளப்பு ஏறுகிறது என்று, இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் மாட்டும் 'ஷூ' ஒன்று வாங்கியிருக்கிறேன். வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சூட்டைக் குறைக்கும் திருகு கெட்டுப்போய் எப்போதும் முழுச் சூடுதான். இருக்கட்டும், வேலை சீக்கிரம் முடியும். நாளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 10

மஞ்சள் நூலும் பச்சை நூலும் போய்விட்டன. காலையில் ஓடியாடிக்கொண்டிருந்தவை. மத்தியானம் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கி, அப்படியே சாய்ந்துவிட்டன. காயம் இல்லை, கழிச்சல் இல்லை. ஏன்?

பிப்ரவரி 12

ரெண்டு நாளாகத் துணி வெட்டும் வேலை மட்டும், இஸ்திரி இல்லை. குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டும் சுகம்.

பிப்ரவரி 13

சிவப்பு. ஊதா. வெள்ளை.

ஒரே நாளில் மூன்று. நான் பக்கத்திலேயே நின்று நாள் முழுக்க இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், கண்ணெதிரே போகுதுங்க. இவர் தண்ணீர்க் கிண்ணத்தை நாலு தடவை கழுவினார். "நான்தான் ஏதோ தப்பா பண்றேன்" என்றார். ராத்திரி சாப்பிடவில்லை.

பிப்ரவரி 14

செத்த குஞ்சு ஒன்றைத் துணியில் சுற்றிக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். தீனி என்ன, எலி மருந்து வைத்தோமா, கொசுவத்திப் புகையா என்று வரிசையாகக் கேட்டார். "நான்ஸ்டிக் சட்டியை அடுப்புல காயவிடுவீங்களாம்மா? ரொம்பச் சூடானா அதுலேர்ந்து ஒரு ஆவி வரும். நமக்கு வாசனைகூட தெரியாது, குஞ்சுங்களுக்கு நெஞ்சடைச்சிடும்."

"எங்க வீட்ல எல்லாம் இரும்புச் சட்டிதான் டாக்டர், மாமியார் காலத்துது" என்றேன். என்ன ஒரு பெருமை எனக்கு.

பிப்ரவரி 17

நூல் மாற்றுவதற்காக நீலம், ஆரஞ்சு, பழுப்பு மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்தார். மிச்ச ரெண்டை எடுக்க உள்ளே வந்தால், கறுப்பும் ரோஸும் பெட்டியில் விறைத்துக் கிடக்கின்றன. நான் மேலே இஸ்திரி போட்டுக்கொண்டு, கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுங்களையாவது யாருக்காச்சும் குடுத்துடு. என்கிட்ட இருந்தா எதுவும் பொழைக்காது" என்கிறார். "எண்பது பேர் பஸ்ல நம்பி உக்காந்திருந்தாங்க, தெரியுமா?"

என்னத்தச் சொல்றது இவருக்கு? "போதும் நிறுத்துங்க"ன்னு கத்திட்டேன். கத்தியிருக்கக் கூடாது. பாவம் மனுஷன். குஞ்சு போனா போகுது, இவர் இப்படிப் போயிட்டே இருக்காரே.

பிப்ரவரி 19

ஷூவின் ஓரம் கருகிச் சுருண்டுவிட்டது. தையல் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத இவ்ளோ காயவிடலாமாக்கா? சட்டியில பூசுற அதே நான்ஸ்டிக்தான் இது."

அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பத்தாம் தேதி இஸ்திரி. பதின்மூன்று இஸ்திரி. பதினேழு இஸ்திரி. பெட்டியை அடியில் வைக்கச் சொன்னதும் நானே. குளிருமேன்னு வச்சேனே, ஐயோ.

ஷூவைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். இனி எதுவும் சாகாது. யாருக்கும் தெரியாது. ஆனால் செத்த ஏழும் இவர் கணக்கிலேயே கிடக்குமே. அதை எப்படி விடுவது?

பிப்ரவரி 20

சொல்லிவிட்டேன். கருகின ஷூவை முன்னால் வைத்து, டாக்டர் சொன்னது, கடைக்காரர் சொன்னது, எல்லாம்.

அதை எடுத்துக் கருகின ஓரத்தை விரலால் தடவினார். "அப்போ நான் இல்ல" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "நான் இல்ல."

"நீங்க இல்ல. உங்க மடியில இருந்த மூணுதான் இன்னிக்கு உயிரோட இருக்கு" என்றேன். ஏழு உயிர். வாயில்லாத ஜீவன்கள்.

அளவு நாடாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "பஸ்ஸக் கொண்டுபோய் சுவத்துல விட்டவனே இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், நீ எதுக்கு அழற?" என்றார். நாலு மாசத்தில் அதைப் பற்றி இவர் அடித்த முதல் ஜோக். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அட்டைப்பெட்டி கூடத்துக்குப் போயிற்று. இஸ்திரிப்பெட்டியை ரிப்பேருக்குக் கொடுத்தாயிற்று.

மார்ச் 1

மூன்றும் என் காலைக் கொத்துகின்றன. விரட்டினால் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.

மார்ச் 15, ஞாயிறு

மகள் வந்தாள். பழக்கதோஷத்தில் பேத்தியை என்னிடமே நீட்டினாள். எனக்கு வாய் நிறைய குண்டூசி, கையில் பாதி தைத்த சட்டை.

பின்பக்கம் குஞ்சுகளோடு இருந்தவர் உள்ளே வந்தார். முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவி, ரெண்டு கையையும் எங்கள் முன்னால் விரித்துக் காட்டினார், தண்ணீர் சொட்டச் சொட்ட.

"மாத்திரை போட்டாச்சு. கையும் கழுவியாச்சு. குடு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஈரத்தைத் தொடைங்க, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்றேன். மேஜைமேல் மடித்து வைத்திருந்த சீருடைச் சட்டையை எடுத்துத் துடைத்தார். பிறகு வாங்கிக்கொண்டார். உட்காரவில்லை, நின்றுகொண்டே. ஒரு கையில் அவளை அணைத்தபடி, இன்னொரு கை விரலால் அவள் கணுக்காலைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"கால் எவ்வளவு பருத்துடுச்சு" என்றார்.

அந்தச் சட்டையை நாளைக்குத் திரும்ப இஸ்திரி போட வேண்டும்.