அளக்காமல் சொன்ன அளவு

ஜூன் 3, 2024, திங்கள்
பட்டறையில் நாள் முழுக்கக் கதவு இழைப்பு. மத்தியானம் திருமுக்கூடலிலிருந்து மைத்துனன் மோகன் போன் செய்தான். விவசாயத்தோடு மர வேலையும் தொடங்குகிறான். அறுக்க, இழைக்க, துளை போட எல்லாம் ஒன்றிலேயே செய்யும் மெஷின் வாங்கியிருக்கிறானாம். என்னிடம் இருப்பதன் பழைய மாடல். ரம்ப பிளேடு வாங்க வேண்டும், நடு ஓட்டை என்ன அளவு என்று கேட்டான். முப்பது மில்லி என்றேன். பழசுக்கும் புதுசுக்கும் ஒரே அளவா என்று மறுபடி கேட்டான். எல்லாம் ஒன்றுதான் என்றேன். பழைய மாடலை நான் தொட்டதே இல்லை.

ஜூன் 7, வெள்ளி
மோகன் மறுபடி போன் செய்தான். பிளேடு, அதை மாட்டும் ஷாஃப்டில் லூசாக ஆடுகிறதாம். நட்டை நன்றாக இறுக்கு, பிடித்துக்கொள்ளும் என்றேன். அவசரத்தில் இருந்தேன்.

ஜூன் 8, சனி
மோகனுக்கு விரல் போய்விட்டது.

ஜூன் 9, ஞாயிறு
காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி. அவன் மனைவி தேவகி அழுதுகொண்டே சொன்னாள்: பிளேடு உதறியது, பலகை துள்ளியது, இடது கை வழுக்கிப் பிளேடு மேல் போனது. ஆள்காட்டி விரல் பாதிதான் மிச்சம்.

என் மனைவி இளவரசி என் எதிரிலேயே தம்பியைத் திட்டினாள். "மாமா எத்தினி தபா சொல்லிக் குடுத்தாரு. கவனத்த எங்க வெச்சிக்கினு இருந்த?"

மோகன் என்னைப் பார்த்தான். பிறகு, "ஏந் தப்புதான்க்கா" என்றான்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொன்னா இன்னா? வாய் வரல. கட்டுப்போட்ட கையோட அவன் பொய் சொல்றான், நான் கேட்டுக்கினு நிக்கறேன்.

ஜூன் 12, புதன்
மனம் கேட்காமல் திருமுக்கூடல் போனேன். தேவகி கொட்டகையைத் திறந்துவிட்டாள். அவன் மெஷினின் ஷாஃப்டை அளந்தேன்: இருபத்தைந்து புள்ளி நான்கு மில்லி. வீட்டுக்கு வந்து என்னுடையதை அளந்தேன்: முப்பது. அவன் டேபிளும் என்னுடையதைவிட ஒரு சாண் நீளம் குறைவு. நீளப் பலகை அறுத்தால் பின்னால் முட்டுக் கொடுத்தாக வேண்டும். அதையாவது சொன்னேனா?

மெஷினில் கோளாறா என்று தேவகி கேட்டிருந்தாள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன். மனுஷனா நான்?

ஜூன் 13, வியாழன்
சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று இளவரசி நெற்றியில் கை வைத்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு
சொல்லிவிட்டேன். மோகன் வீட்டில், மூன்று பேரும் இருக்கும்போது. "அவன் மேல தப்பு இல்ல. அளக்காம அளவு சொன்னது நான். ஆடுதுன்னு சொன்னப்பவும் ஓட்டச் சொன்னது நான்."

இளவரசி எழுந்து வெளியே போய்விட்டாள். மோகன் தலையைக் குனிந்துகொண்டு, "வுடு மாமா" என்றான்.

தேவகிதான் விடவில்லை. "அன்னிக்கி வந்து அளந்துட்டுப் போனீங்களே அண்ணா. அப்பவே தெரியும் இல்ல?"

ஆமாம் என்றேன். அவள் மோகனின் கைக்கட்டைச் சரிசெய்யத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 20, வியாழன்
இளவரசி இன்னும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
மோகனின் புண் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. பிளேடு சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுகிறான். தேவகி மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். நான் வந்து சொல்லித்தர வேண்டும் என்று அவளே இளவரசியிடம் சொல்லி அனுப்பினாள். புது பிளேடு எடுத்துக்கொண்டு போனேன். அளந்து பார்த்துத்தான் வாங்கினேன், சரியாக இருக்கும் என்றேன்.

"கொஞ்சம் இருங்கண்ணா."

முதலில் ஷாஃப்டை அளந்தாள். பிறகு பிளேடின் ஓட்டையை. திரும்பவும் ஷாஃப்டை. அவள் தலையசைக்கும் வரை நான் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை.