ஐந்து ஆம்பியர்

டிசம்பர் 8, திங்கள்
காலையில் தூறல். பொன்னேரியில் நான் வேலை செய்யும் மோட்டார் ரிப்பேர் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். அம்மாவின் வலது கை இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது.

நேற்று விடிந்ததும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரியில் இறங்கி, பறிக் கூடையைப் பல்லில் கடித்தபடி கையால் இறால் தடவிக்கொண்டிருந்தாள். "யாரோ கைய புடிச்சி வெடுக்குன்னு இழுத்த மாரி இருந்திச்சிடி. பறி எங்க போச்சின்னே தெர்ல." கூட இருந்த பெண்கள்தான் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

"சொறி மீன் பட்டிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர் அந்தோணி. சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டால் தோல் தடிக்குமே. கையில் ஒரு தடிப்பும் இல்லை. இது கரண்ட்.

சந்தேகம்: பக்கத்து இறால் பண்ணை. அங்கே வாட்ச்மேன் ரமணய்யா இந்தப் பெண்களைக் கண்டாலே விரட்டுவார். தண்ணீரில் கம்பி போட்டுவிட்டாரா?

9, செவ்வாய்
வெயில். ஒயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கடையிலிருந்து வாங்கி வந்தேன். ரமணய்யா மறுக்காமல் மோட்டார் பெட்டியைத் திறந்துவிட்டார்.

போகும் ஒயர்: 7.2 ஆம்பியர்
திரும்பும் ஒயர்: 7.2

வழியில் எதுவும் கசியவில்லை. சுற்றி நடந்தும் பார்த்தேன். வேறு ஒயர் கிடையாது.

"என் மேல சந்தேகமாம்மா?"

இல்லை என்றேன். பொய்.

"ஒரு வாரமா உங்க வீட்டுக்காரருதான் உங்க வீட்டு பின்னால யாரும் எறங்காதீங்கன்னு சொல்லினு இருக்காரு. இன்னாத்துக்குன்னு கேளும்மா."

சாப்பாட்டில் உப்பில்லை என்றார் அந்தோணி. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக அவர் கொண்டுவரும் மடவை மீன் மட்டும் எக்கச்சக்கம்.

10, புதன்
காலை ஆறு மணி. வலை பார்க்கப் போகிறேன் என்று பின்பக்கம் போனார். ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாம் அணைத்தேன். மெயின் ஒயரில் மீட்டரை மாட்டினேன்.

0. பிறகு 5. மறுபடி 0. மறுபடி 5.

வோல்டேஜ் 230
மின்தடை = 230 ÷ 5 = 46 ஓம்
பவர் = 230 × 5 = 1150 வாட்

வீட்டில் எதுவும் ஓடவில்லை. ஒரு இஸ்திரிப் பெட்டி அளவு கரண்ட் எங்கே போகிறது? மெயினை இறக்கிவிட்டு ஓடினேன். வலைக் குவியலுக்கு அடியில் ஒயர். மூங்கில் கம்பின் நுனியில் இரும்பு வளையம். கரையோரம் வயிறு மேலாக மிதக்கும் மடவை. கம்பு அவர் கையில்.

"பெரிய மீனு மட்டும்தான் மயங்கும் ஸ்டெல்லா."

"அப்ப எங்கம்மாவுக்கு?"

"அங்க வராதேன்னு உங்கம்மாகிட்ட சொன்னேன்ல."

"ஏன் வரக்கூடாதுன்னு சொன்னியா?"

கல்யாணமான பதினாலு வருஷத்தில் இன்றுதான் அவரை 'நீ' என்று பேசினேன்.

11, வியாழன்
அம்மாவிடம் சொன்னேன். கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அவனே வந்து தைலம் தேச்சி உட்டானேடி."

மாலை ஊர்க்கூட்டம். கம்பையும் ஒயரையும் நானே கொண்டுபோய் நடுவில் போட்டேன். யாருடையது என்று கேட்டார்கள். "என் வீட்டுக்காரருது" என்றேன். கணக்கையும் சொன்னேன்: தண்ணீரில் நிற்கும் ஆளைக் கொல்ல ஐந்து ஆம்பியரில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். அந்தோணி எழுந்து, இனிமேல் தொடமாட்டேன் என்றார். நம்பலாமா, தெரியவில்லை.

எல்லாரும் அவரைத் திட்டினார்கள். மூன்று பேர் மட்டும் வாயே திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் வீடும் எங்கள் வீட்டைப் போலவே ஏரிக்கரையில்.