லாரிக்கு டீசல் பைப் மாத்தின சேதி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுறது,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நல்லா இருப்பீங்கன்னு நம்பித்தான் எழுத உக்காந்திருக்கேன். அங்க குளிர் கொறஞ்சுதா, சின்னவளுக்கு இருமல் விட்டுச்சா, ராத்திரி நல்லாத் தூங்குறாளா. இங்க நான் நல்லா இருக்கேன். அப்பாவும் நல்லா இருக்காருன்னு அடுத்த வரி எழுதப் போனேன், பேனா நகரல. நீ போன்ல கேட்டப்பல்லாம் லாரிக்குச் சின்ன வேலை, அதான் ஓடலன்னு சொன்னாரில்ல, அது பொய் இல்ல, ஆனா பாதிதான். மீதியை உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எனக்குக் கண்டிப்பா சொல்லியிருக்காரு. போன்ல பேசுனா பக்கத்துலயே உக்காந்துக்குறாரு, அதனாலதான் கடுதாசி. தெரிஞ்சு கோபப்பட்டா படட்டும், நான் பாத்துக்குறேன்.

நம்ம லாரியைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா. நான் கல்யாணமாகி வந்தப்பவே அது வாசல்ல நின்னுச்சு, அன்னைக்கே அதுக்கு மூத்தவள்னு பேரு வச்சிட்டேன், நான் எளையவ. எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை மேசை மேல இருக்குன்னு ஒரு வார்த்தை, மூத்தவ லேசாத் தும்மினா மனுஷனுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவரு போன மாசம் ஒரு காலையில வண்டியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு. கிளம்பும், கொஞ்சம் இருமும், நின்னுரும். நான் உள்ள துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன், அங்கயே எனக்கு டீசல் வாடை மூக்கைத் தொளைச்சுது. வெளிய வந்து பாத்தா வண்டிக்கு அடியில தரை நனைஞ்சு கிடக்கு. டீசல் ஒழுகுதுங்கன்னேன். குனிஞ்சு அதுல விரலை வச்சாரு, மூக்குகிட்ட கொண்டு போனாரு, தண்ணிடி, ரேடியேட்டர் ஒழுகுதுன்னு சொல்லிட்டு விரலைச் சட்டையில தொடச்சுக்கிட்டாரு. வேற யாராவது சொல்லியிருந்தா விளையாட்டுன்னு நெனச்சிருப்பேன். மூடியைத் தொறந்ததும் மோந்து பாத்தே கலப்படம்னு சொல்லி டீசல் பங்க்காரனோட சண்டைக்குப் போறவரு பாப்பா அவரு. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் அடுப்புல பால் தீஞ்சு சமையல்கட்டெல்லாம் நாறுது, அடுத்த ரூம்லயே பேப்பர் படிச்சுக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு, கூப்பிட்டுச் சொல்லக்கூடாதான்னு பிடிபிடின்னு பிடிச்சேன். அப்ப எனக்கு உறைக்கல.

அவரு வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கேக்காம மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், அதான், அப்பாவை அண்ணேன்னு கூப்பிடுவானே நெட்டையன், வண்டிக்கு அடியில படுத்தா கால் ரெண்டும் தெருவுல கிடக்குமே, அவன்தான். வந்து கொஞ்ச நேரம் படுத்திருந்தான், அப்புறம் அண்ணி நீங்க கொஞ்சம் குனிஞ்சு பாருங்கன்னு என்னையும் கூப்பிட்டான். டேங்க்ல இருந்து இஞ்சினுக்கு வர்ற இரும்பு பைப்பைப் பிடிச்சு நிறுத்துற கிளிப் ஒண்ணு எங்கயோ விழுந்து போயிருக்கு, பைப் வண்டிச் சட்டத்துல உரசி உரசித் தேஞ்சு கசியுது, அந்த ஓட்டை வழியாத்தான் காத்தும் உள்ள போயி வண்டி இருமியிருக்கு. அது போதாதுன்னு, இஞ்சின்கிட்ட மிச்ச டீசலைத் திருப்பி அனுப்புற ரப்பர் ஹோஸெல்லாம் காஞ்சு வெடிச்சுக் கிடக்கு, அதுல இருந்து சொட்டுறது கொதிக்கிற புகைக் குழாய்க்கு ஒரு சாண் தள்ளி விழுது. இன்னொரு தடவை லோடோட மேடு ஏறியிருந்தா பத்திக்கிட்டிருக்கும் அண்ணி, கேபினுக்குள்ளயே இந்த வாடை அடிக்குதே, அண்ணன் எப்படி ஓட்டிக்கிட்டு வந்தாருன்னு கேட்டான். அப்புறம் கசியுற எடத்துல சுத்தியிருந்த சைக்கிள் டியூப் கட்டைக் காட்டி, இதை யாரு கட்டுனதுன்னான். வழியில நிறுத்தி அப்பாதான் கட்டியிருக்காரு, கசிவு நின்னுருச்சுன்னு நம்பித்தான் தரையில கிடந்ததைத் தண்ணின்னு சொல்லியிருக்காரு. அவரு ஒரு முடிச்சுப் போட்டா நான் கத்தரிக்கோல் தேடணும், உனக்கே தெரியும். இது கோணல்மாணலா, தளதளன்னு, ஒத்தை விரலால இழுத்தேன், கையோட வந்துருச்சு. நெட்டையன் என் மூஞ்சியைப் பாக்காம வேற பக்கம் திரும்பிக்கிட்டான்.

அடுத்த நாள் பழைய பைப்பைக் கழட்டி, அதே வளைவுக்குப் புதுசு வளைச்சு, உரசுற எடத்துல ரப்பர் உறை மாட்டி, ஹோஸ், கிளிப், செம்பு வாஷர் எல்லாமே புதுசாப் போட்டான். கடைசி நட்டை நான்தான் போடுவேன்னு அப்பா அடம். சரிண்ணேன்னு ஒதுங்கினான். இடது கை பைப்பைப் பிடிக்கணும், வலது கை நட்டைச் சுத்தணும், இவ்வளவுதான் வேலை. இடது கை சொன்ன பேச்சைக் கேக்கல பாப்பா. மரை ஏற மாட்டேங்குது, நட்டு நழுவி விழுது, எடுக்குறாரு, மறுபடியும் விழுது. நெட்டையன், ஸ்பானர் ஒண்ணு கடையில விட்டுட்டேன், இதோ வந்துர்றேன்னு கிளம்பிட்டான், அந்த ஸ்பானர் அவன் பின்பாக்கெட்லயே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் அப்பா பக்கத்துல மண்ணுல உக்காந்து அவரு கை மேல என் கையை வச்சு நட்டைச் சுத்தினேன். ஏறிருச்சு. அப்புறம் நெட்டையன் வந்து இறுக்கிட்டு, பைப்புக்குள்ள நிக்கிற காத்தை எடுக்கணும் அண்ணி, நீங்க இந்தக் கைப்பம்பை அமுக்குங்கன்னான், நுரை நுரையா வந்து கடைசியில சுத்தமா டீசல் வந்ததும் திருகை மூடினான். ஒரே சாவியில கிளம்பிச்சு. புது வண்டி மாதிரி ஓடுது. நான் அமுக்கின கை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே உள்ள போய் அழுதேன்.

டாக்டர்கிட்ட வர மாட்டேன்னுதான் சொன்னாரு, மூக்கடைப்பாதான் இருக்கும், ஒரு சொட்டு மருந்து வாங்குவோம்னு சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போனேன். மூக்கு டாக்டர் பாத்துட்டு நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பினாரு. அந்தம்மா நடக்கச் சொல்லிப் பாத்தாங்க, நடக்குறப்போ இடது கை வீசாம தொங்குது, நானும் கூடவே நடக்குறவதான், ஒரு நாளும் கவனிக்கல. அவரு பேரை வரி நிறைய எழுதச் சொன்னாங்க, போகப் போக எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துப் போச்சு. பார்க்கின்சன்ஸ்னு சொன்னாங்க, கை கால் அசைவு மெல்ல மெல்லக் கொறையுற நரம்பு நோயாம். அடியோட தீராது, மாத்திரையால தாக்குப்பிடிக்கலாம், வாசனை போறதுதான் நிறைய பேருக்கு முதல்ல வர்ற அடையாளமாம். இனிமே லாரி வேண்டாம்னுட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேம்மான்னு சொன்னாரு அப்பா. எனக்கும் அதான் பயம் சார்னாங்க அவங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அவரு சிரிக்கல. பஸ்ல வீடு வர்ற வரைக்கும் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தாரு.

ஒரு வாரம் சாவியை யாருக்கும் கொடுக்கல. காலையில ஏறி உக்காந்து இஞ்சினை ஓட விட்டுச் சத்தத்தைக் கேப்பாரு, நிறுத்துவாரு, இறங்கி வருவாரு. அப்புறம் அவராவே உன் மாமாவுக்குப் போன் போட்டாரு, அவன் வண்டி ஓட்டிக்கிட்டிருந்த கிடங்கை மூடினதுல இருந்து அவனுக்கும் வேலை இல்லையே. நேத்து அவன் வந்தான். சாவியைக் கையில கொடுத்து, மேடு ஏறுறப்போ அவசரப்படாத, அவ ஏறுவா, நீ பொறுமையா இருன்னு மட்டும் சொன்னாரு. வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னாரு, அப்புறம் உள்ள வந்து படுத்துட்டாரு. சாப்பிடக் கூப்பிட்டேன், பசிக்கலன்னுட்டாரு. வாசம் தெரியாததால எதைத் தின்னாலும் அட்டையைத் தின்ன மாதிரி இருக்காம், அதையும் இப்பத்தான் வாய் விட்டுச் சொல்றாரு.

மாப்பிள்ளையைக் கேட்டு, லீவு கிடைச்சா சின்னவளைக் கூட்டிக்கிட்டு வந்து கொஞ்ச நாள் இரும்மா. அவரு வான்னு கூப்பிட மாட்டாரு. போன்ல உடம்பைப் பத்திக் கேக்காத, வண்டி எப்படி ஓடுதுன்னு கேளு, பேசுவாரு. ராத்திரி வேலை முடிஞ்சு தனியா நடந்து வராத, நேரத்துக்குச் சாப்பிடு. உங்க மூணு பேருக்கும் எந்தக் குறையும் வராம நல்லா இருக்கணும், அதுதான் நான் எந்நேரமும் வேண்டிக்கிறது.

ஒண்ணு மட்டும் மறக்காத. டாக்டரம்மா சொன்னாங்க, போகப் போக முகத்துல அசைவு கொறையுமாம், இப்பவே கொஞ்சம் அப்படித்தான் இருக்கு. நீ வந்து இறங்குறப்போ உன்னைப் பாத்து அவரு முகம் மலரலன்னா, அப்பாவுக்கு எம்மேல கோபம்னு நெனச்சுராத. சின்னவளுக்கும் முன்னாடியே சொல்லி வை. உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுதான் இருப்பாரு.

இப்படிக்கு,
அப்பாவுக்குத் தெரியாம எழுதுற
உன் அம்மா